பீமின் நடுவில் றிங் எதுக்கு? திடீர் அடியைப் புரிந்துகொள்ள வளவுக்குள் ஒரு சோதனை

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு வளவில் பனை தறித்தார்கள். கயிறு இழுத்த பக்கம் விழ வேண்டிய மரம் திரும்பி, பக்கத்துக் காணியில் பாதி எழும்பி நின்ற வீட்டின் முன்விறாந்தை பீமுக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. பிளேட் (மேல் கொங்கிறீட் தட்டு) இன்னும் போடவில்லை, இரண்டு தூணுக்கு நடுவே வெறும் பீம் மட்டும்தான். ஓடிப்போய்ப் பார்த்தால் பீம் அப்படியே நிற்கிறது. வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த மேசன் அண்ணனுக்கு ஒரே பெருமை. "பார்த்தியா தம்பி, பனையே விழுந்தும் அசையல்ல" என்றார்.

மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து இறக்கிய பிறகுதான் பீமின் முகம் தெரிந்தது. மரம் பட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சரிவாகக் கீழே இறங்கும் இரண்டு வெடிப்பு, குடிசைக் கூரை மாதிரி. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, அடி விழுந்த இடத்துக்கும் தூணுக்கும் இடையில், பீமின் மேல்பக்கத்தில் மயிரளவு வெடிப்பு. பாரம் ஏற்றிய பீம் கீழ்ப்பக்கம்தான் வெடிக்கும் என்று படித்தவனுக்கு இது கொஞ்சம் குழப்பம். நடுவில் றிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) எத்தனைக்கு ஒன்று போட்டீர்கள் அண்ணன் என்று கேட்டேன். "ஒரு அடிக்கு ஒண்டு. நடுவில ஷியர் இல்லையே தம்பி, தூணடியிலதான் நெருக்கிப் போட்டிருக்கு."

அவர் சொன்னதில் பிழை கிடையாது. பிளேட்டின் பாரம், சுவரின் பாரம் எல்லாம் அமைதியாக உட்கார்ந்திருக்கும்வரை ஷியர் விசை, அதாவது பீமைக் குறுக்காக வெட்டிவிடப் பார்க்கும் விசை, தூணடியில்தான் அதிகம், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் அடி விழும்போது அந்தப் படம் செல்லாது. ஏன் செல்லாது என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாமல், கடைசியில் நாலைந்து குட்டி பீம் வார்த்து, மேலே இரும்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் முதல் வருடம் இருப்பவர்கள், புதிதாகச் சைட்டுக்குப் போகிறவர்கள், சொந்த வீடு கட்டுகிற, கணக்குக்குப் பயமில்லாதவர்கள், எல்லோரும் செய்துபார்க்கலாம்.

முதலில் தேங்காய்

பத்ரகாளி அம்பாள் கோவில் வாசலில் சிதறு தேங்காய் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தேங்காயைக் கல்லின் மேல் வைத்து, அதற்கு மேல் இன்னொரு தேங்காயை வைத்தால் ஒன்றும் ஆகாது. 600 கிராம் எடையுள்ள தேங்காய் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் போய்க் கல்லில் பட்டு 2 மில்லிசெக்கனுக்குள் நிற்கிறது என்று வையுங்கள். நிறையை வேகத்தால் பெருக்கி நேரத்தால் பிரித்தால் 2400 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட 245 கிலோ எடையை மேலே ஏற்றிய மாதிரி. நிற்க எடுக்கும் நேரம் 20 மில்லிசெக்கன் என்றால் விசை பத்தில் ஒன்றாகிவிடும். தேங்காய் அதேதான், வேகமும் அதேதான்.

அதனால் "எத்தனை கிலோ விழுந்தது" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எத்தனை கிலோ, எவ்வளவு உயரம், எதன்மேல் பட்டு எவ்வளவு நேரத்தில் நின்றது, மூன்றும் வேண்டும். மூதூர் இறங்குதுறையில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருப்பது இந்த மூன்றாவது விஷயத்துக்குத்தான். படகின் எடையைக் குறைக்க முடியாது, வேகத்தை ஓரளவுக்குத்தான் குறைக்கலாம், நிற்கிற நேரத்தை ஒரு டயர் கூட்டிக் கொடுத்துவிடும்.

வார்ப்பதற்கு முன் தாளில்

கணக்கு இல்லாமல் போட்டு உடைத்தால் அது வெறும் விளையாட்டு. நாங்கள் எடுத்த அளவையே சொல்கிறேன். பீமின் அகலம் 100 மில்லிமீற்றர், உயரம் 150, நீளம் 1500. தாங்கிகளுக்கு இடையில் 1200, இரண்டு பக்கமும் 150 வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே 10 மில்லிமீற்றர் டோர் கம்பி (பலம் கூடிய கம்பி) இரண்டு. இந்த அளவுக்கு, கொங்கிறீட் 20 தரம் (சதுர மில்லிமீற்றருக்கு 20 நியூட்டன் அமுக்கம் தாங்குவது) வந்தால், நடுவில் மெதுவாக அமுக்கும்போது ஏறக்குறைய 24 கிலோநியூட்டனில் கம்பி இளகி (நீண்டு, பழையபடி சுருங்காத நிலைக்கு வந்து) பீம் வளையத் தொடங்கும். 24 கிலோநியூட்டன் என்றால் இரண்டரைத் தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கைப் பாடப்புத்தகத்தை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஒன்று இரண்டு கூடிக் குறைந்தால் பரவாயில்லை.

இனி ஷியர். 24 கிலோநியூட்டன் நடுவில் என்றால் ஒவ்வொரு தாங்கிக்கும் 12 போகும். பி.எஸ். 8110 என்ற பழைய பிரித்தானியக் கொங்கிறீட் விதிநூலில் உள்ள சூத்திரத்தில் பாதுகாப்புக் காரணியை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஒரு றிங்கூட இல்லாமலேயே இந்த பீம் 13 கிலோநியூட்டன் வரை தாங்கும். ஆக, தாளில் இந்த பீம் றிங் இல்லாவிட்டாலும் முதலில் வளைந்துதான் போக வேண்டும், சரிவாக வெடித்துப் பிளக்கக் கூடாது. மயிரிழையில்தான் என்றாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இதை ஒரு மூலையில் எழுதி வையுங்கள், அடி விழுந்த பிறகு திரும்ப எடுக்க வேண்டும்.

அடுத்தது, போடப்போகும் எடை. 60 கிலோவை 1 மீற்றர் உயரத்திலிருந்து விட்டால், 60 × 9.81 × 1, அதாவது 589 ஜூல் சக்தி. பீமில் படும்போது வேகம் 2 × 9.81 × 1 இன் வர்க்கமூலம், செக்கனுக்கு 4.43 மீற்றர்.

இங்கே பழைய புத்தகங்களில் ஒரு சூத்திரம் வரும். எடையை மெதுவாக வைத்தால் பீம் எவ்வளவு தாழும் என்று பார்த்து, விழும் உயரத்தின் இரு மடங்கை அந்தத் தாழ்வால் பிரித்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரும்ப ஒன்றைக் கூட்டினால் "அதிர்ச்சி மடங்கு" கிடைக்கும். (உயரம் பூச்சியம் என்றால் விடை 2. எடையை ஒட்டிப் பிடித்திருந்து சட்டென்று கையை எடுத்தாலே இரண்டு மடங்கு என்பது அதிலிருந்துதான் வருகிறது.) எங்கள் பீமில் 60 கிலோவை மெதுவாக வைத்தால் தாழ்வு 0.03 மில்லிமீற்றர்தான். சூத்திரத்தில் போட்டால் 258 மடங்கு வரும், விசை 152 கிலோநியூட்டன். பீமின் பலம் 24. ஆறு மடங்கு. அப்படியென்றால் பீம் மாவாகிப் போக வேண்டும்.

போகாது. முதல்தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது. அந்தச் சூத்திரம் பீம் வெடிக்காது, கம்பி இளகாது, பீமுக்கு நிறையே கிடையாது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. மூன்றும் எங்கள் விஷயத்தில் பொய். இரும்புச் சட்டத்துக்கு, சின்ன அடிக்கு, அது சரி. கொங்கிறீட்டில் பலமான அடிக்கு அதை எடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் சக்தியைப் பிடித்துக்கொண்டு போங்கள். எடை வந்து பட்டதும் பீமின் நடுப்பகுதியையும் கூட இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு முனையில் தாங்கிய பீமில், நடுவில் அடி விழுந்தால், தாங்கிகளுக்கு இடையில் உள்ள நிறையில் 17/35 பங்கு, கிட்டத்தட்டப் பாதி, எடையோடு சேர்ந்து ஓடுவதாக எடுக்கலாம். எங்கள் பீமில் அது 21 கிலோ. 60 கிலோவின் வேகம் 81 கிலோவுக்குப் பகிரப்படும்போது செக்கனுக்கு 4.43 என்பது 3.28 ஆகக் குறையும், 589 ஜூலில் 436 தான் மிஞ்சும். மற்றதெல்லாம் பட்ட இடத்தில் நொருங்கலாகவும் சத்தமாகவும் சூடாகவும் போய்விடும். மிஞ்சிய 436 ஜூலை பீம் 24 கிலோநியூட்டன் விசையோடு எதிர்த்துத் தாழ்ந்தபடியே விழுங்க வேண்டும். 436 ஐ 24,000 ஆல் பிரித்தால் 18 மில்லிமீற்றர். ஒரு அங்குலத்துக்குக் குறைவான தாழ்வு. உடையாது, ஆனால் கம்பி நன்றாக இளகிவிடும், பீம் பழைய நேருக்குத் திரும்பாது.

வார்ப்பு

நாலு பீம். முடிந்தால் ஐந்தாவது ஒன்று, அதைக் கல்லூரி ஆய்வுகூடத்திலோ ஜாக்கி வைத்தோ மெதுவாக வளைத்துப் பார்ப்பதற்கு. மெதுவாக வளைந்ததைக் கண்ணால் கண்டால்தான் அடி விழுந்ததன் வித்தியாசம் புரியும்.

முதலாவதில் கீழ்க்கம்பி இரண்டு மட்டும், றிங் இல்லை, மேல்கம்பி இல்லை. இரண்டாவது எங்கள் மேசன் அண்ணன் முறை: மேலே றிங்கைக் கட்டித் தொங்கவிட 6 மில்லிமீற்றர் கம்பி இரண்டு, தாங்கியடியில் ஒரு அடி நீளத்துக்கு றிங் 75 மில்லிமீற்றருக்கு ஒன்று, நடுவில் 300 க்கு ஒன்று. மூன்றாவதில் றிங் முனையிலிருந்து முனைவரை 75 க்கு ஒன்று. நாலாவது அதே றிங், ஆனால் மேலேயும் 10 மில்லிமீற்றர் கம்பி இரண்டு. றிங்கின் கொக்கியை 90 பாகையில் விட்டுவிடாமல் உள்ளே மடித்து 135 பாகைக்குக் கொண்டுவாருங்கள். அடி விழுந்து கவர் (கம்பியை மூடியிருக்கும் வெளிக் கொங்கிறீட்) தெறித்ததும் 90 பாகைக் கொக்கி வாயைப் பிளந்துவிடும்.

கலவை 1க்கு 1½க்கு 3, சல்லி அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் பெட்டி குறுகல். மகாவலி மணல் கிடைத்தால் நல்லது, கடற்கரை மணலைக் கழுவியும் எடுக்காதீர்கள். சீமெந்து ஒன்றரை மூடை எடுத்துவைத்தால் ஐந்து பீமுக்கும், பலம் சோதிக்கிற மூன்று கொங்கிறீட் கட்டிக்கும் தாராளம். ஐந்தையும் ஒரே நாளில் ஒரே கலவையில் வார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு எந்த வித்தியாசம் றிங்கால் வந்தது, எது கலவையால் வந்தது என்று சண்டை பிடிக்க வேண்டும். 28 நாள். நிலாவெளி வெயிலில் ஈரச்சாக்கு ஒரு நாளில் மூன்று தடவை காயும், பொறுப்பாக ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

காய்ந்ததும் ஒரு பக்கம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, பென்சிலால் 50 மில்லிமீற்றர் கட்டம் போடுங்கள். சாம்பல் நிறக் கொங்கிறீட்டில் மயிர்வெடிப்பு கண்ணுக்கே தெரியாது.

எடையும் அதை விழுத்தும் விதமும்

8 அங்குல இரும்புக் குழாயில் இரண்டு அடித் துண்டு, அடியில் ஒரு அங்குலத் தகடு ஒட்டி, உள்ளே 60 கிலோ வரும்வரை கொங்கிறீட் நிரப்புங்கள். நிரப்பும்போது தராசில் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். மேலே கொளுக்கி. முக்காலி, செயின் புளொக், இடையில் கயிறு இழுத்தால் விடுபடும் கொக்கி. எடை நேராக இறங்க இரண்டு பக்கமும் எங்கிள் அயன் தண்டவாளம் மாதிரி நிறுத்தி கிறீஸ் பூசுங்கள். சரிந்து விழுந்தால் பீம் முறுகும், முழுச் சோதனையும் வீண்.

தாங்கிக்கு உருளைக் கம்பி வைத்து அதற்கு மேல் பீம். இதில் ஒன்றைப் பலர் விட்டுவிடுவார்கள்: பீமின் இரண்டு முனையையும் கீழே இழுத்துக் கட்ட வேண்டும், ஆனால் முனை சுழல முடிகிற மாதிரி. ஏனென்றால் நடுவில் அடி விழுந்த முதல் கணத்தில் முனைகள் மேலே துள்ளப் பார்க்கும். கட்டாமல் விட்டால் பீம் தாங்கியைவிட்டு எழும்பி, திரும்ப விழுந்து, இரண்டாவது அடியையும் தானே வாங்கிக்கொள்ளும்.

பாதுகாப்பு பற்றி நீட்டி எழுதவில்லை, ஆனால் இதை மட்டும் பிடிவாதமாகச் செய்யுங்கள்: எடை தூக்கப்பட்ட பிறகு அதன் கீழ் யாருடைய கையும் போகக்கூடாது, எதையாவது சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் எடையை இறக்குங்கள். கயிறு பத்து மீற்றருக்கு அப்பாலிருந்து இழுபடட்டும். சல்லி தெறிக்கும், கண்ணாடி போடுங்கள். சின்னப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், வளவுப் படலையைச் சாத்துங்கள்.

அளக்க என்ன வேண்டும்

ஆய்வுகூடத்தில் விசைமானி, முடுக்கமானி, செக்கனுக்குப் பல ஆயிரம் படம் எடுக்கும் கமரா எல்லாம் இருக்கும். நமக்கு போன் இருக்கிறது. மெதுவோட்டத்தில் செக்கனுக்கு 240 படம், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 4 மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் மேல். நம் பீம் 18 மில்லிமீற்றர் தாழ எடுக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள்: தொடக்க வேகம் 3.28, முடிவில் பூச்சியம், சராசரி 1.64, ஆகவே ஏறக்குறைய 11 மில்லிசெக்கன். முழு நாடகமும் மூன்று படத்துக்குள் முடிந்துவிடும். அந்த முதல் மோதல் ஒரு மில்லிசெக்கன்கூட இல்லை, அதை போனால் பிடிக்கவே முடியாது. வெடிப்பு எந்த வரிசையில் வந்தது என்று கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

அதிகபட்சத் தாழ்வைப் பிடிக்க மலிவான வழி: பீமின் அடியில் நடுவில் ஒரு ஆணியை கீழ்நோக்கி ஒட்டி, அதற்கு நேர்கீழே பிசைந்த களிமண் ஒரு உருண்டை, ஆணியின் நுனி மண்ணைத் தொட்டும் தொடாமலும். அடி விழுந்து பீம் திரும்ப எழும்பினாலும் மண்ணில் துளை நிற்கும். துளையின் ஆழம்தான் அதிகபட்சத் தாழ்வு. பிறகு பீமின் இரண்டு முனையிலும் நூல் பிடித்து நடுவில் நிரந்தரமாக எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்று அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பீம் மீண்டு எழும்பிய அளவு.

போடுங்கள், பிறகு வெடிப்பை வாசியுங்கள்

நாலு பீமுக்கும் ஒரே உயரம், ஒரே எடை, ஒரே அடி. முதலில் கால் மீற்றர், பிறகு அரை மீற்றர் என்று ஏற்றிக்கொண்டு போக ஆசை வரும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு அடியின் சேதமும் அடுத்ததில் சேர்ந்துவிடும். செய்வதென்றால் நாலுக்கும் அதே வரிசையில் செய்யுங்கள்.

அடி விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்க வேண்டாம். நின்ற இடத்திலேயே மார்க்கரால் ஒவ்வொரு வெடிப்பையும் கோடிட்டுப் படம் எடுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று வகை. நடுவில் கீழிருந்து மேலே நேராக ஏறும் வெடிப்பு, இது வளைவு வெடிப்பு, எதிர்பார்த்ததுதான், நல்ல பிள்ளை. அடி பட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 பாகையில் இறங்கும் ஜோடி வெடிப்பு, இதுதான் ஷியர் ஆப்பு: நடுவில் ஒரு முக்கோணக் கட்டி, பீமை விட்டுப் பிரிந்து கீழே தள்ளப்படப் பார்க்கிறது. மூன்றாவது, மேல்முகத்தில், அடிக்கும் தாங்கிக்கும் இடையில் மேலிருந்து கீழே இறங்கும் வெடிப்பு. மேல்கம்பி இல்லாத முதலாவது பீமில் இதைத் தேடிப்பாருங்கள், சுண்ணாம்பு அடித்த பக்கத்தில் நுண்ணியதாக நிற்கும்.

இப்போது அந்த மூலையில் எழுதிய கணக்கை எடுங்கள். றிங் இல்லாத முதலாவது பீம், தாளில் வளைந்து போக வேண்டியது, சரிவு வெடிப்போடு நிற்கிறது என்றால் ஆச்சரியப்படாதீர்கள். பெரிய ஆய்வுகூடங்களிலும் இதையேதான் கண்டார்கள். டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் 211 கிலோ, 600 கிலோ எடைகளை 3.26 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் போட்டுச் செய்த சோதனைகளை 2009 இல் வெளியிட்டார்கள். மெதுவாக ஏற்றினால் வளைந்து போகும் அளவுக்கு ஷியர் பலம் கொடுத்த பீம்களிலும் அடியின்போது சரிவு வெடிப்பும் ஷியர் ஆப்பும் வந்தன. மலையிலிருந்து பாறை விழும் வீதிகளுக்கு மேல் கொங்கிறீட் கூரை கட்டும் ஜப்பானில் இந்த வகைச் சோதனைகள் பல வருடமாக நடக்கின்றன. அந்தக் கூரைக்கு மேல் அவர்கள் மணல் மெத்தை போடுவது, நம் இறங்குதுறை டயர் செய்யும் அதே வேலைக்குத்தான்.

இரண்டாவது பீமில், மேசன் அண்ணன் முறையில், சரிவு வெடிப்பு றிங் இல்லாத இடைவெளியாகப் பார்த்து நுழைந்திருந்தது. 300 மில்லிமீற்றர் இடைவெளிக்குள், மேலிருந்து கீழ்க்கம்பிவரை 120 ஆழத்தில், 45 பாகையில் இறங்கும் வெடிப்பு ஒரு றிங்கைக்கூடத் தொடாமல் போய்விடலாம், வடிவியல் அப்படி. 75 க்கு ஒன்று போட்டதில் எங்கே நுழைந்தாலும் குறைந்தது ஒரு றிங் குறுக்கே நிற்கும்.

ஏன் இப்படி

கரைவலை இழுக்கும் நீளக் கயிற்றின் ஒரு முனை தூரத்தில் ஒரு மரத்தில் கட்டியிருக்கும்போது, உங்கள் பக்கத்தை வெடுக்கென்று சுண்டிப் பாருங்கள். ஒரு கூன் எழும்பி கயிறு வழியே ஓடும். அது போய்ச் சேரும்வரை அந்த மரத்துக்கு நீங்கள் சுண்டியது தெரியாது. பீமிலும் அப்படித்தான். கொங்கிறீட்டில் ஷியர் அலை செக்கனுக்கு 2000 மீற்றர் அளவில் ஓடும். நடுவிலிருந்து 600 மில்லிமீற்றர் தள்ளியிருக்கும் தாங்கிக்குச் சேதி போக ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. குறைவான நேரம்தான், ஆனால் மோதலின் உச்சமும் அதே அளவு நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஆக அந்தக் கணத்தில் தாங்கி இல்லை. பீமைப் பிடித்து நிறுத்துவது பீமின் சொந்த நிறைதான்: அசையாமல் இருந்த கொங்கிறீட் அசைய மறுக்கிறது.

அந்த நேரத்துக்கு உங்கள் 1200 மில்லிமீற்றர் பீம் நடுவில் ஒரு குட்டை பீம் மாதிரி நடந்துகொள்ளும், அதன் இரண்டு முனையையும் யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல. முனை இறுகிய பீமின் மேல்பக்கம் முனையடியில் இழுபடும் அல்லவா? மேல்வெடிப்பு வந்த காரணம் அதுதான். குட்டையான, தடித்த பீம் வளைவதைவிட ஷியரில் போவதையே விரும்பும், அது சரிவு வெடிப்புக்குக் காரணம். மேசன் அண்ணனின் "தூணடியில்தான் ஷியர்" என்ற சட்டம் அந்தக் கணத்தில் தூணை விட்டு நடுவுக்கு வந்துவிடுகிறது.

மோதல் விசை எவ்வளவு என்றும் கிட்டத்தட்டச் சொல்லலாம். பீமின் 21 கிலோ பங்கை 3.28 வேகத்துக்குக் கொண்டுவர 69 நியூட்டன்-செக்கன் உந்தம் வேண்டும். அது ஒரு மில்லிசெக்கனில் நடந்தால் சராசரி விசை 69 கிலோநியூட்டன், அரை மில்லிசெக்கனில் என்றால் 138. பீமின் பலம் 24 தானே, எப்படித் தப்பியது? அந்த விசையில் பெரும்பங்கு தாங்கிக்குப் போகவே இல்லை, பீமை ஓடவைப்பதில் செலவாகிவிட்டது. அதனால் "இந்த அடி 100 கிலோநியூட்டன்" என்று யாராவது சொன்னால் அதை பீமின் வளைவுப் பலத்தோடு நேரே ஒப்பிடாதீர்கள். தாழ்வுக்குச் சக்தியைப் பாருங்கள், சரிவு வெடிப்புக்கு உச்ச விசையைப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. கொங்கிறீட்டின் மேல் பாரத்தை வேகமாக ஏற்றினால் அதன் பலம் கூடும். அமெரிக்காவில் டஃப் ஏப்ராம்ஸ் 1917 லேயே இதைச் சோதித்துக் காட்டினார். அமுக்கத்தில் ஓரளவு கூடும், இழுவையில் அதைவிட அதிகம் கூடும், கம்பியின் இளகும் பலமும் ஏறும், மென்னிரும்பில் கூடுதலாக, டோர் கம்பியில் குறைவாக. கேட்க நல்ல செய்தி மாதிரி. ஆனால் வளைவுப் பலம் ஏறினால் பீம் இளகாமல் இன்னும் பெரிய விசையைத் தாங்கப் பார்க்கும், அந்தப் பெரிய விசை ஷியராகத்தான் வந்து சேரும். கீழ்க்கம்பியை மட்டும் தடிப்பாக்கிவிட்டு "நல்ல ஸ்ட்ரோங்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்மையில் ஷியர் உடைவை அழைத்து வைத்திருக்கிறார்கள்.

திருமலையில் கூடுதலாக ஒரு கவலை

உப்புக்காற்று. துருப்பிடிக்கும்போது முதலில் பாதிக்கப்படுவது றிங்தான், வெளியே நிற்பது அது, கவர் குறைவும் அதற்குத்தான். 6 மில்லிமீற்றர் றிங் துருவில் 4 ஆகிவிட்டால் குறுக்குப் பரப்பில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 56 பங்கு, போய்விட்டது. அதே 2 மில்லிமீற்றர் 16 கம்பியில் போனால் 23 பங்குதான் இழப்பு. அமைதியான பாரத்துக்குப் பழைய பீம் இன்னும் பல வருடம் நிற்கும். அடி விழுந்தால் கதை வேறு. டச்பே, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் கவர் கழன்று றிங் தெரிகிற பீமுக்குக் கீழே லொறியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவரை இறக்கிவிட்டு எடுங்கள்.

பக்கவாட்டில் வரும் அடிக்கும் இதே கணக்குத்தான், பீமை மனதில் சரித்துப் படுக்க வைத்து, அகலத்தை உயரமாக எடுத்துத் திரும்பப் போடுங்கள். மணல் பறித்துவிட்டுப் பெட்டியை இறக்காமல் வெளியே போகும் டிப்பர், கேற் பீமை அடிப்பது அப்படித்தான், அந்தத் திசையில் பீம் மிகவும் பலவீனம். வாகனம் மோதக்கூடிய தூண், சுவர்களுக்கு யூரோகோட் 1 என்ற ஐரோப்பியக் கட்டட விதிநூலின் 1-7 பகுதி நேரடியாகவே விசை தருகிறது: கார் மட்டும் வரும் முற்றத்துக்கு 50 கிலோநியூட்டன், லொறி வந்தால் 150, நகர வீதிக்கு 500, பெருந்தெருவுக்கு 1000. வீட்டுப் போர்ட்டிக்கோ தூணுக்கு அந்த முதல் எண்ணையாவது ஒருதடவை போட்டுப் பாருங்கள்.

நிஜமாக அடி விழுந்த பீம் கண்முன் இருந்தால்

முதலில் முட்டுக் கொடுங்கள், பேச்சு அப்புறம். பூச்சு பூச யாரையும் விடாதீர்கள், வெடிப்பு மறைந்தால் வாசிக்க ஒன்றும் இருக்காது. நூல் பிடித்துத் தாழ்வை அளந்து எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கவர் கழன்ற இடம் பொள்ளெனச் சத்தம் போடும், அடி பட்ட இடத்துக்கு நேர் மறுபக்கத்தை விடாமல் தட்டுங்கள். மேலே ஏறிப் பாருங்கள், இதை மட்டும் யாரும் செய்வதில்லை. நேரான மயிர்வெடிப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சரிவு வெடிப்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஊடறுத்திருந்தால், அல்லது வெடிப்பின் இரண்டு உதடும் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒன்று தாழ்ந்திருந்தால், பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்கும்வரை முட்டுகளை எடுக்கக் கூடாது.

பனை விழுந்த பீமில் உதடு இரண்டும் மட்டம் தப்பித்தான் இருந்தது. வீட்டுக்காரருக்கு மனமில்லை, இருந்தாலும் உடைத்துத் திரும்ப வார்த்தார்கள். எங்கள் இரண்டாவது குட்டி பீமை மேசன் அண்ணன் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப எல்லா வீட்டுக்கும் பனை விழுமெண்டு நினைச்சா கட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை என்றேன். அறைக்குள் இருக்கிற பீமுக்குப் பழையபடி போடுங்கள். கேற் பீம், போர்ட்டிக்கோ, பெரிய மரத்துக்குக் கீழே நிற்கிற விறாந்தை, கிறேன் வேலை செய்கிற ஸ்டோர், இதற்கெல்லாம் நடுவிலும் நெருக்கி, மேல்கம்பியையும் தடிப்பாக. அவர் உடனே கணக்குப் பார்த்தார்: ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குல பீமில் நடு ஐந்து அடிக்கு, அடிக்கு ஒன்று என்பதை நாலு அங்குலத்துக்கு ஒன்று ஆக்கினால் கூடுதலாகப் பத்து றிங், ஒவ்வொன்றுக்கும் மூன்று அடிக்குக் கொஞ்சம் மேல் கம்பி, எல்லாம் சேர்த்தால் இரண்டு கிலோ வருமா வராதா.

"ரெண்டு கிலோ கம்பிக்கா தம்பி இவ்வளவு நேரம் கதைச்ச?" என்று கேட்டுவிட்டு, தேநீரைக் குடித்து முடித்து, புது பீமுக்கு றிங் வளைக்கப் போனார்.